ஜட்ஜ் பதவிக்குத் தேர்தல், தீர்ப்பும் ஜட்ஜ்களே: 734 ஓட்டுக்காக 6 மாதம் நடந்த சண்டை!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2024 நவம்பரில் ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு, தேர்தல் முடிந்து சில நாட்களில் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதில் ஒரு கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்து உள்ளே போய், நீளமான பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்தால்தான் விஷயமே புரியும். அவர்கள் போட்ட ஓட்டு செல்லாது என்று ஒருவர் புகார் கொடுத்திருந்தார். விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து யாரும் குப்பையில் போட்டுவிடக்கூடிய கார்டு அது.

அப்படிச் சிக்கிய ஓட்டுகள் 65 ஆயிரத்துக்கும் மேல். புகார் கொடுத்தவர் ஒரு நீதிபதி. அவர் போட்டியிட்டதும் ஒரு நீதிபதி பதவிக்குத்தான். அவரைத் தோற்கடித்தவரும் நீதிபதி. வழக்கை விசாரித்த ஒரு கோர்ட், புகார் கொடுத்தவர் வேலை பார்க்கும் கோர்ட். இன்னொன்று, ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கும் கோர்ட். போதாக்குறைக்கு, செல்லாது என்று சொல்லப்பட்ட ஓட்டுகளின் பட்டியலில் ஜெயித்த வேட்பாளரின் அப்பா, அம்மா பெயரும் இருந்தது.

சினிமாவில் இப்படி ஒரு சீன் வைத்தால் 'லாஜிக் எங்கே ப்ரோ?' என்று கேட்போம். வட கரோலினாவில் இது ஆறு மாதம் ஓடியது.

நீதிபதிக்கு எதுக்குத் தேர்தல்?

இந்தியாவில் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கொலீஜியம் பரிந்துரைக்கிறது. அங்கே மக்களுக்கு ரோல் கிடையாது. அமெரிக்காவிலும் மத்திய அரசின் கோர்ட்டுகளுக்கான நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, அவர்கள் ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். நாம் செய்திகளில் அடிக்கடி பார்ப்பது இவர்களைத்தான்.

ஆனால் அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்புச் சட்டமும் தனி உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. 50 மாநிலங்களில் 38 மாநிலங்கள், தங்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை ஏதாவது ஒரு வகையில் மக்கள் ஓட்டுக்கு விடுகின்றன. சில இடங்களில் நேரடிப் போட்டி. சில இடங்களில் 'இவர் பதவியில் தொடரலாமா, வேண்டாமா' என்று மட்டும் கேட்பார்கள். வட கரோலினாவில் நேரடிப் போட்டிதான். மொத்தம் 7 நீதிபதிகள், ஒவ்வொருவருக்கும் 8 வருடப் பதவிக்காலம். வாக்குச்சீட்டில் நீதிபதியின் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயரும் அச்சாகியிருக்கும்.

இதோடு இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்முடையதுபோல நாடு முழுக்கத் தேர்தல் நடத்தும் ஒரே தேர்தல் ஆணையம் அமெரிக்காவில் இல்லை. தேர்தலை நடத்துவது மாநிலங்கள். யார் வாக்காளராகப் பதிவு செய்யலாம், எந்த ஐடி காட்ட வேண்டும், தபால் ஓட்டு எப்போது வந்து சேர வேண்டும் என்பதில் பெரும்பகுதியை மாநில சட்டமன்றம் எழுதுகிறது. நாடாளுமன்றத் தொகுதியின் எல்லைக்கோட்டை வரைவதும் பெரும்பாலான மாநிலங்களில் அதே சட்டமன்றம்தான். அதில் தகராறு வந்தால் மாநில கோர்ட்டுக்குப் போகும். ஆக, தேர்தல் விதிக்கு அர்த்தம் சொல்கிற நீதிபதியே அந்தத் தேர்தலில் நிற்கிற வேட்பாளராகவும் இருக்கலாம்!

முன்னிலை மாறிய கதை

2024 நவம்பர் 5. டிரம்ப் ஜெயித்த அதே தேர்தல் நாள். வட கரோலினா உச்ச நீதிமன்றத்தின் ஒரு சீட்டுக்கும் ஓட்டு நடந்தது. ஜனநாயகக் கட்சி சார்பில் அலிசன் ரிக்ஸ். வாக்குரிமை வழக்குகளில் பெயர் எடுத்த வழக்கறிஞர், 2023ல் ஆளுநர் ராய் கூப்பர் அவரை இந்தக் கோர்ட்டுக்கு நியமித்தார். பதவியில் நீடிக்க வேண்டுமென்றால் தேர்தலில் ஜெயிக்க வேண்டும். எதிரே குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபின். அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி.

தேர்தல் இரவில் கிரிஃபின் சுமார் 10 ஆயிரம் ஓட்டு முன்னிலை. அதன்பிறகு மீதித் தபால் ஓட்டுகளும், தகுதி சரிபார்த்துச் சேர்க்கப்படும் ஓட்டுகளும் எண்ணப்பட்டன. முன்னிலை கரைந்து, கடைசியில் ரிக்ஸ் 734 ஓட்டில் ஜெயித்தார். பதிவான ஓட்டு 55 லட்சத்துக்கும் மேல். மெஷினில் முழு ரீகவுண்ட், அப்புறம் சில இடங்களில் கையால் எண்ணும் ரீகவுண்ட். இரண்டிலும் ரிசல்ட் மாறவில்லை.

இவ்வளவு நெருக்கமான முடிவு அந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 2020ல் தலைமை நீதிபதி பதவிக்கான தேர்தலில் குடியரசுக் கட்சியின் பால் நியூபி, ஜனநாயகக் கட்சியின் செரி பீஸ்லியை வெறும் 401 ஓட்டில் வென்றார். அப்போது பீஸ்லி டிசம்பரில் தோல்வியை ஒப்புக்கொண்டார், விஷயம் முடிந்தது. இந்த முறை முடியவில்லை.

கட்டத்தை நிரப்பாதது யார் தப்பு?

கிரிஃபின் தரப்பு, ஓட்டை எண்ணியதில் தப்பு என்று சொல்லவில்லை. ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு ஓட்டுப் போடும் தகுதியே இல்லை என்றது. மூன்று குரூப்கள்.

பெரிய குரூப், சுமார் 60 ஆயிரம் பேர். வாக்காளர் பதிவில் டிரைவிங் லைசென்ஸ் எண் அல்லது சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கம் இருக்க வேண்டும் என்பது 2002ல் வந்த மத்திய சட்டம். இவர்களுடைய பதிவில் அந்த எண் இல்லை. ஏன் இல்லை? மாநிலத் தேர்தல் வாரியம் பல வருடங்களாகப் பயன்படுத்திய படிவத்தில், அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பது தெளிவாக இல்லை. சிலர் எண்ணைக் கொடுத்திருந்தும், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியது போன்ற காரணங்களால் கம்ப்யூட்டரில் மேட்ச் ஆகவில்லை. நம்மில் ஆதாரில் ஒரு இனிஷியலும் பான் கார்டில் வேறு இனிஷியலும் வைத்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும்.

இரண்டாவது குரூப், வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினர், அவர்கள் குடும்பத்தினர், வெளிநாட்டில் வாழும் குடிமக்கள். தபால் ஓட்டோடு போட்டோ ஐடி நகல் வைக்கவில்லை என்பது புகார். ஆனால் வைக்கத் தேவையில்லை என்று தேர்தல் வாரியத்தின் விதியிலேயே இருந்தது. கிரிஃபினே நேஷனல் கார்டில் பணியாற்றியவர். முந்தைய தேர்தல்களில் அவரே ராணுவத்தினருக்கான இதே தபால் முறையில் ஓட்டுப் போட்டவர் என்ற செய்தியும் வெளியானது.

மூன்றாவது, 300க்கும் குறைவான ஒரு சின்ன குரூப். அமெரிக்கக் குடிமக்கள், பெற்றோர் வட கரோலினாக்காரர்கள், ஆனால் தாங்கள் அங்கே வாழ்ந்ததே இல்லை என்று படிவத்தில் குறித்தவர்கள். இவர்களுக்கு ஓட்டு உண்டு என்று 2011ல் மாநில சட்டமன்றமே சட்டம் போட்டிருந்தது. கடைசியில் பார்த்தால், இந்தப் பட்டியலில் இருந்த சிலர் உண்மையில் வட கரோலினாவில் வாழ்ந்தவர்கள். படிவத்தில் தப்பான கட்டத்தை டிக் செய்துவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், யார் மேல் புகார் இல்லை என்பது. 60 ஆயிரம் பேரும் முன்கூட்டியோ தபாலிலோ ஓட்டுப் போட்டவர்கள். அந்த ஓட்டுகளைத் தேடிப் பிரித்து எடுக்க முடியும். தேர்தல் நாளன்று பூத்துக்குப் போய் ஓட்டுப் போட்டவர்களில் அதே எண் இல்லாதவர்கள் இருந்தாலும், அவர்கள் ஓட்டைப் பிரிக்க வழியில்லை. அதனால் புகாரும் இல்லை. வெளிநாட்டு ஓட்டுகள் மேல் புகாரோ, மாநிலத்தின் 100 கவுன்ட்டிகளில் அதிகபட்சம் 4 கவுன்ட்டிகளில்தான். நாலும் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான இடங்கள். இன்னொன்று, இது ஒரு பதவிக்கான ஓட்டுக்கு மட்டும்தான். அதே வாக்குச்சீட்டில், அதே நபர், அதிபர் பதவிக்குப் போட்ட ஓட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கோர்ட் கோர்ட்டாக

மாநிலத் தேர்தல் வாரியம் 2024 டிசம்பரில் புகார்களைத் தள்ளுபடி செய்தது. அந்த கியூஆர் கோடு கார்டு முறையான நோட்டீஸே இல்லை என்றும் சொன்னது. கிரிஃபின் நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வாரியம் வழக்கை மத்திய கோர்ட்டுக்கு இழுத்தது. அங்கே நீதிபதி ரிச்சர்ட் மையர்ஸ், இது மாநில கோர்ட்டுகள் பார்க்க வேண்டிய வழக்கு என்று திருப்பி அனுப்பினார். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

2025 ஜனவரி 7ல் மாநில உச்ச நீதிமன்றம், ரிக்ஸின் வெற்றிச் சான்றிதழுக்குத் தடை போட்டது. 5 குடியரசுக் கட்சி, 2 ஜனநாயகக் கட்சி நீதிபதிகள் கொண்ட கோர்ட் அது. ரிக்ஸ் தன் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் மற்ற வழக்குகளில் அதே சக நீதிபதிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து தொடர்ந்து வேலை பார்த்தார். அந்த ஆபீஸ் மதியச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரியில் கீழ் கோர்ட் வாரியம் சொன்னதுதான் சரி என்றது. ஏப்ரல் 4ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதாவது கிரிஃபினின் சொந்தக் கோர்ட், 2-1 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 60 ஆயிரம் பேரும் 15 வேலை நாளுக்குள் தங்கள் பதிவைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டு போச்சு. தேர்தல் முடிந்து அப்போது ஐந்து மாதம்.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11ல் மாநில உச்ச நீதிமன்றம் இதில் பாதியைத் திருத்தியது. 60 ஆயிரம் ஓட்டும் செல்லும். எண் இல்லாதது வாரியத்தின் தப்பு, வாக்காளர் தப்பில்லை என்றது. ஆனால் ராணுவ, வெளிநாட்டு வாக்காளர்கள் 30 நாளுக்குள் ஐடி அனுப்ப வேண்டும் என்றது. மாநிலத்தில் வாழ்ந்ததே இல்லை என்று குறித்தவர்களின் ஓட்டுகளை மொத்தமாக நீக்கச் சொன்னது.

இதைக் 'கட்சிக்காரர்கள் கட்சிக்காரருக்குச் செய்தார்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தீர்ப்பு 4-2. எதிர்த்த இருவரில் அனிதா ஏர்ல்ஸ் ஜனநாயகக் கட்சி. இன்னொருவர் ரிச்சர்ட் டீட்ஸ், குடியரசுக் கட்சி. நடந்து முடிந்த தேர்தலின் விதியைப் பின்னால் போய் மாற்றி முடிவை மாற்றக் கூடாது என்பதை நம் மாநில கோர்ட்டுகள் ஏற்கும் என்று நம்பியிருந்தேன், அது தப்பாகிவிட்டது என்ற பொருளில் அவர் எழுதினார்.

வழக்கு மறுபடியும் மத்திய கோர்ட்டுக்குப் போனது. அதே மையர்ஸ். டிரம்ப் முதல் முறை அதிபராக இருந்தபோது நியமித்த நீதிபதி. மே 5ல் அவர் தீர்ப்பளித்தார். மேட்ச் தொடங்குவதற்கு முன்பு விதியைச் சொல்ல வேண்டும், முடிந்தபிறகு மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சில கவுன்ட்டி வாக்காளர்களுக்கு மட்டும் புது நிபந்தனை போடுவது சம உரிமைக்கு எதிரானது. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் ஒருவரின் ஓட்டை நீக்குவதும் அரசியலமைப்புக்கு எதிரானது. 734 ஓட்டில் ரிக்ஸ் ஜெயித்ததாகச் சான்றிதழ் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். மே 7ல் கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொண்டார். மே 13ல் ரிக்ஸ் பதவியேற்றார்.

ஒரு சீட்டுக்கு ஏன் இவ்வளவு?

5-2 கோர்ட்டில் ஒரு சீட் மாறினால் 6-1 ஆகும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அந்த மாநிலத்தின் கடந்த சில வருடக் கதை தெரிந்தால் அப்படித் தோன்றாது.

2019ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. ஆளும் கட்சி தனக்கு வசதியாகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவதற்குப் பெயர் 'கெரிமாண்டரிங்'. கட்சி லாபத்துக்காக நடக்கும் கெரிமாண்டரிங்கில் மத்திய கோர்ட்டுகள் தலையிட முடியாது என்றது 5-4 தீர்ப்பு. மாநில அரசியலமைப்பும் மாநில கோர்ட்டுகளும் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். அந்த வழக்கே வட கரோலினா மேப் பற்றியதுதான். மேப்பை எதிர்த்து அங்கே வாதாடியவர்களில் ஒருவர், அப்போது வழக்கறிஞராக இருந்த அலிசன் ரிக்ஸ்.

அதோடு சண்டை மாநில கோர்ட்டுகளுக்கு ஷிஃப்ட் ஆனது. 2022 பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சி நீதிபதிகள் 4-3 என்று இருந்த வட கரோலினா உச்ச நீதிமன்றம், குடியரசுக் கட்சி வரைந்த மேப்பை ரத்து செய்தது. கோர்ட் மேற்பார்வையில் வந்த புது மேப்பில் 2022 தேர்தல் நடந்தது. 14 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஆளுக்கு 7.

ஆனால் அதே 2022 தேர்தலில் கோர்ட்டின் இரண்டு சீட்டுகள் குடியரசுக் கட்சிக்குப் போயின. 4-3 இப்போது 2-5. புது கோர்ட், முடிந்துபோன வழக்கை மறுபடியும் விசாரிக்க எடுத்தது. 2023 ஏப்ரல் 28ல், கட்சி லாபத்துக்கான கெரிமாண்டரிங்கைத் தடுக்க மாநில அரசியலமைப்பில் எதுவும் இல்லை என்று தீர்ப்பு. போட்டோ ஐடி சட்டத்தை ரத்து செய்திருந்த, நாலே மாதம் பழைய தீர்ப்பும் அதே நாளில் தலைகீழானது. சட்டம் மாறவில்லை, மாநில அரசியலமைப்பில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆட்கள்.

சட்டமன்றம் உடனே புது மேப் வரைந்தது. அந்த மாநிலத்தில் மேப் விஷயத்தில் ஆளுநருக்கு வீட்டோ அதிகாரமும் இல்லை. 2024ல் ரிசல்ட் 10-4. 2025 அக்டோபரில் இன்னொரு மேப். இந்த முறை டார்கெட் 11-3.

இந்த வழக்கிலிருந்து கிளைத்த இன்னொரு கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நாடாளுமன்றத் தேர்தல் விதிகளில் மாநில கோர்ட்டுகள் தலையிடவே கூடாது, சட்டமன்றம் வைத்ததுதான் சட்டம் என்று வட கரோலினா சட்டமன்றத் தலைவர்கள் வாதாடினார்கள். 2023 ஜூனில் 6-3 என்று அந்த வாதம் தோற்றது. அந்தத் தீர்ப்பு வந்தபிறகு, மாநில நீதிபதி பதவியின் மதிப்பு இன்னும் ஏறியது.

மார்க்கெட் ரேட் 10 கோடி டாலர்

எவ்வளவு ஏறியது என்பதற்கு விஸ்கான்சின் மாநிலம் சாட்சி. 2025 ஏப்ரல் 1ல் அங்கே ஒரே ஒரு உச்ச நீதிமன்ற சீட்டுக்குத் தேர்தல். எல்லா தரப்பும் சேர்த்துச் செலவு சுமார் 10 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் நீதிபதி தேர்தலுக்கு இதுதான் ரெக்கார்டு. எலான் மஸ்க் நேரில் வந்து, மேடையில் இரண்டு வாக்காளர்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் செக் கொடுத்தார். அவர் ஆதரித்த பிராட் ஷிமெல் தோற்றார். லிபரல் தரப்பின் சூசன் கிராஃபோர்ட் சுமார் 10 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அங்கேயும் அதே ஊஞ்சல்தான். தபால் ஓட்டைப் போட வைக்கும் டிராப் பாக்ஸ் பெட்டிகள் சட்டவிரோதம் என்று 2022ல் 4-3 தீர்ப்பு. 2023 தேர்தலில் ஒரு சீட் மாறியது. டிராப் பாக்ஸ் வைக்கலாம் என்று 2024ல் 4-3 தீர்ப்பு. நடுவில் மாநில சட்டமன்றத் தொகுதிகளின் மேப்பும் ரத்து. வட கரோலினாவில் ஊஞ்சல் ஒரு பக்கம் போனால், விஸ்கான்சினில் மறுபக்கம்.

மக்கள் தேர்ந்தெடுப்பதால் நீதிபதிகளுக்கு மக்களிடம் பயம் இருக்கும் என்பது இந்த முறையை ஆதரிப்பவர்களின் வாதம். அதை லேசில் ஒதுக்கிவிட முடியாது. நியமனத்திலும் அரசியல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த 30 நாள் கெடுவில் மாட்டிய, ஏதோ ஒரு நாட்டு ராணுவத் தளத்தில் இருக்கும் வாக்காளருக்கு இந்த வாதம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பது சந்தேகம்தான்.

அடுத்து என்ன?

மாநிலத் தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரம், ஆளுநரிடமிருந்து பிடுங்கப்பட்டுக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில ஆடிட்டரிடம் போய்விட்டது. 2025 மே முதல் வாரியத்தில் அந்தக் கட்சிக்கு 3-2 மெஜாரிட்டி. அதே மாதம் அமெரிக்க நீதித்துறை, பதிவில் எண் இல்லாத விஷயத்துக்காக வாரியத்தின் மேல் வழக்குப் போட்டது. ஜூலையில் வாரியம் 'பதிவு சரிசெய்தல்' என்ற பெயரில் வேலையைத் தொடங்கியது. பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். எண்ணைக் கேட்டு வீடு வீடாகக் கடிதம் போனது. கொடுக்காதவர்கள் அடுத்த முறை பூத்துக்கு வந்தால், சரிபார்த்தபிறகே எண்ணப்படும் தற்காலிக ஓட்டுதான் போட முடியும்.

அந்த 'அடுத்த முறை'களில் ஒன்று 2026 நவம்பர் 3. அன்று ஓட்டுக்கு வருவது அனிதா ஏர்ல்ஸின் சீட். எதிர்த்து நிற்பவர் குடியரசுக் கட்சியின் சாரா ஸ்டீவன்ஸ். மாநில சட்டமன்றத்தில் இருப்பவர்.